ஆள் தேவைப்பட்ட விடுமுறைகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் கிராமங்களில் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுக்குறிப்புகளில் கோடை விடுமுறை பற்றிய பக்கம் வந்ததும், எழுதியவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். காலையில் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம், இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினோம், எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்து ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை நான் சந்தேகிக்கவில்லை. ஏன் யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் அந்தப் பக்கங்கள் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. கேட்க வீட்டில் ஆளில்லை. ஆகஸ்டு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தில் அப்பா வயலில் இருந்தார், அம்மாவும் பாதி நாள் வயலில்தான் இருந்தாள். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் அதுவும் அங்கேதான்.

கிராமப் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறுவடை விடுமுறை என்றே பெயர். கோதுமை முற்றியதும் பள்ளி மூடும். மழையால் அறுப்பு இழுத்துக்கொண்டே போனால் திறப்பதும் தள்ளிப்போகும். கென்ட் மாவட்டத்தில் ஹாப்ஸ் என்கிற கொடி விளையும் ஊர்களின் பள்ளிகள் செப்டம்பர் பறிப்பை அனுசரித்து விடுமுறையை நகர்த்திக்கொண்டன. கிழங்கு விளையும் பகுதிகளில் அக்டோபரில் விடும் ஒரு வார லீவை ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கு வாரம் என்றே சொன்னார்கள். போர்க்காலத்தில் இன்னொரு விதியும் வந்தது. பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளை வருஷத்துக்கு இருபது அரைநாள் வரை வயல் வேலைக்காகப் பள்ளியிலிருந்து விடுவிக்கலாம் என்றது அது. போர் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் நடுவே பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற இழுபறியில், விடுமுறை என்பது வயல் ஜெயித்த நாட்கள். அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் வயலுக்கு ஆள் பஞ்சம் உண்மையாகவே இருந்தது. போர் நடந்த ஆறு ஆண்டுகளிலும் ரேஷனுக்கு வராத ரொட்டி, சமாதானம் வந்த பிறகு 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1947இன் வேளாண்மைச் சட்டம் விளைச்சலுக்கு அரசே விலை உத்தரவாதம் கொடுத்தது. வேலைக்கு ஆள்? 1946இல் நாட்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் போர்க்கைதிகள் இருந்தார்கள், பலருக்கும் பண்ணை வேலை. 1948க்குள் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். போர்க்காலத்தில் பெண்களைத் திரட்டி உருவாக்கிய விவசாயப் படை 1950இல் கலைக்கப்பட்டது. கைதிகள் செய்துகொடுத்த பொம்மைகளை மட்டும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. தட்டையான மட்டை போன்ற ஒரு பலகை, அதன்மேல் நாலைந்து மரக்கோழிகள், அடியில் நூலில் தொங்கும் ஒரு குண்டு. பலகையை மெல்லச் சுற்றினால் கோழிகள் ஒன்று மாற்றி ஒன்று குனிந்து கொத்தும். நேற்று வரை எதிரியாக இருந்தவன் உன் வயது மகனை ஊரில் விட்டுவிட்டு வந்து உனக்குப் பொம்மை செய்கிறான் என்பதெல்லாம் அந்த வயதில் எங்கே புரியப்போகிறது.

ஹாப்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுப்பது இந்தக் கொடியின் பூக்குலைதான். பச்சை நிறத்தில், செதில் செதிலாக, தக்கை மாதிரி எடையில்லாமல் இருக்கும். கம்பங்களுக்கு இடையில் உயரத்தில் கம்பி கட்டி, அதிலிருந்து தரைக்குக் கயிறு இழுத்துவிட்டால் கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஏறிவிடும். ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ பறிப்பு. அதற்காக லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கென்டுக்கு ரயில் ஏறுவார்கள். குடும்பம் என்றால் அம்மாவும் பிள்ளைகளும் பாட்டியும். அப்பா துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் வந்து போவார். தங்குவதற்குப் பண்ணையாரின் தகரக் குடிசை, வைக்கோல் அடைத்த மெத்தை, வெளியே விறகடுப்பு. ஆண்டுதோறும் அதே குடிசைக்கு வருகிற பெண்கள் சுவருக்குக் காகிதம் ஒட்டி, திரைச்சீலை போட்டு, வந்த அன்றே அதை வீடாக்கிவிடுவார்கள்.

மரச்சட்டத்தில் சாக்கைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்ட நீளமான தொட்டிக்குள் பறித்துப் போட வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தொட்டியின் விளிம்பு எட்டாது. அவர்களுக்காக ஒரு பழைய குடையை விரித்துத் தலைகீழாகத் தரையில் வைப்பார்கள். குடை நிறைந்தால்தான் விளையாடப் போகலாம். குடை நிறைந்ததும் அம்மாவின் தொட்டியில் கொட்டப்படும். மறுபடி காலிக் குடை. அளவுக்காரர் புஷல் கூடையோடு வரிசையில் வருவது தெரிந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு அவசர வேலை உண்டு. இரண்டு கையையும் தோள்வரை தொட்டிக்குள் விட்டு, அமுங்கிக் கிடக்கும் பூக்குலைகளை மேலே தூக்கித் தூக்கிப் புரட்டிவிட வேண்டும். காற்று நிறைந்தால் அளவு கூடும், காசும் கூடும். அளவுக்காரர் மட்டும் சும்மாவா? கூடையில் கையை வைத்து அழுத்தி அளப்பார். இந்தச் சண்டைக்குள் ஏழு வயதில் நுழைந்துவிட்ட பிள்ளைக்குக் கூலி என்றால் என்ன, முதலாளி என்றால் யார் என்று பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பறிக்கப் பறிக்கக் கையில் பிசின் ஏறிக் கருப்பாகும். கழுவினாலும் போகாது. அந்தக் கையோடு தின்னும் ரொட்டி கசக்கும். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் கசப்பைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடுகிறார்கள்.

அக்காமார்களின் கதை வேறு. விடுமுறையைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் ஆண்கள். ஓடை, மரம், கூடு, திருட்டு ஆப்பிள் என்று அவர்களால் எழுத முடிந்ததற்குக் காரணம், அதே நேரத்தில் கடைசித் தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்து வரப்போரம் ஒருத்தி உட்கார்ந்திருந்ததுதான். சோறு வடித்தவளும் அவள்தான் என்று நம் ஊரில் சொல்வோம்; அங்கே அவள் உருளைக்கிழங்கு உரித்தாள். பெண்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தால் இருட்டும் வரை சுற்றிய கதை குறைவு. யாரையாவது இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிய கதைதான் அதிகம்.

கோதுமை அறுப்புக்கு வருவோம். அறுப்பையும் கதிரடிப்பையும் சேர்த்துச் செய்யும் கம்பைன் மெஷின் எல்லாப் பண்ணைக்கும் வந்து சேராத காலம் அது. பைண்டர் என்கிற கருவி கதிரை அறுத்துக் கட்டாகக் கட்டித் தள்ளிக்கொண்டே போகும். முன்னால் குதிரை, அல்லது 1946இலிருந்து கோவென்ட்ரியில் செய்யப்பட்ட, எல்லோரும் செல்லமாகப் பெயர் வைத்துக் கூப்பிட்ட அந்தச் சின்னச் சாம்பல் நிற ஃபெர்கூசன் டிராக்டர். கட்டுகளை எடுத்துக் கதிர் மேலே இருக்கும்படி ஒன்றோடொன்று சாய்த்துக் கூடாரம் மாதிரி நிறுத்த வேண்டும், காய்வதற்கு. முழங்கை வரை தாள் கிழித்துவிடும். பிறகு வண்டி வரும். வண்டியின் மேல் நின்று கட்டடுக்குகிறவர் விழாமலிருக்க, குதிரையை நகர்த்தும் முன் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி குரல் கொடுப்பது குதிரை பிடிக்கும் பையனின் பொறுப்பு. எட்டு வயதுப் பையனின் குரலுக்கு ஒரு வளர்ந்த ஆளின் கழுத்து கட்டுப்பட்டிருந்தது. அந்தக் கௌரவத்தை எந்தப் பள்ளிப் பரிசும் கொடுத்திருக்க முடியாது.

பைண்டர் வயலின் விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வரும். அறுக்காத பகுதி சதுரமாகச் சுருங்கிக்கொண்டே போகும், வயலில் இருந்த முயலெல்லாம் அதற்குள் ஒதுங்கும். சாயங்காலம் நடுவில் ஒரு வீடளவு கோதுமை நிற்கும்போது ஊரின் பையன்களும் ஆண்களும் நாய்களும் தடியோடு சுற்றி நிற்பார்கள். டிராக்டர் சத்தத்துக்கு நடுவே தாள் அசைவதைப் பார்க்கலாம். முதல் முயல் வெளியே பாய்கிற அந்த நொடிக்குப் பிறகு எல்லாம் கூச்சல்தான். கொன்றதை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். பையன் முயலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். முயலின் காது தரையைத் தொடும் உயரம்தான் அவன். இறைச்சி ரேஷனில் இருந்த நாட்டில், முயலுக்கு ரேஷன் இல்லை. அன்று இரவு வீட்டில் அவன் விருந்தாளி கிடையாது, சம்பாதித்து வந்தவன்.

இந்த முயல் வேட்டை முடிந்துபோன விதம் கொடூரமானது. 1953 இலையுதிர் காலத்தில் கென்டில் மிக்சோமடோசிஸ் என்கிற முயல் நோய் தென்பட்டது. கண்ணிமை வீங்கி மூடி, தலை பருத்து, பகல் வெளிச்சத்தில் சாலையோரம் முயல்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. தடியோடு துரத்திய அதே பையன்கள், துரத்தினாலும் ஓடாத முயலை முதல்முறை பார்த்தார்கள். பயிரைத் தின்னும் முயல் ஒழியட்டும் என்று நோயுற்ற முயலைப் பிடித்துவந்து தங்கள் நிலத்தில் விட்ட விவசாயிகளும் உண்டு. வேண்டுமென்றே பரப்புவது குற்றம் என்று 1954இல் சட்டம் போட வேண்டியிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முயல்கள் செத்துவிட்டன. 1954 ஜூலையில் இறைச்சி ரேஷனும் முடிந்தது. முயல் இல்லாமல் போனதும் முயல் தேவைப்படாமல் போனதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். மேய முயல் இல்லாததால் சுண்ணாம்புக் குன்றுகளில் புல் உயர்ந்தது, மண்ணுக்கு வெயில் படவில்லை, அந்த வெயிலை நம்பி வாழ்ந்த ஒரு வகை எறும்பு குறைந்தது, அந்த எறும்பின் புற்றுக்குள் புழுப்பருவத்தைக் கழிக்கும் லார்ஜ் ப்ளூ வண்ணத்துப்பூச்சி 1979இல் பிரிட்டனிலிருந்தே மறைந்தது. பின்னாளில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் மீட்டார்கள்.

இந்த முயலும் தடியும் பிசினும் எனிட் ப்ளைட்டனின் சிறுவர் கதைகளில் கிடையாது. சென்னையிலும் கொழும்பிலும் கான்வென்ட் நூலகத்தில் 'ஃபேமஸ் ஃபைவ்' படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தின் விடுமுறை என்றால் அவர் காட்டியதுதான்: நான்கு பிள்ளைகள், ஒரு நாய், சைக்கிள், கூடாரம், கேட்டவுடன் கேக்கும் பாலும் கொடுக்கும் பண்ணை வீட்டு அம்மாள். முதல் புத்தகம் 1942இல், இருபத்தொன்றாவதும் கடைசியுமானது 1963இல். பாதிக்கு மேல் ரேஷன் காலத்தில் எழுதப்பட்டவை. இனிப்பு மிட்டாய்க்கு 1949 ஏப்ரலில் ரேஷனை நீக்கியதும் கூட்டம் கடையை மொய்த்துச் சரக்கு தீர்ந்துபோய், அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்ப ரேஷன் போட வேண்டியிருந்தது. 1953 பிப்ரவரி வரை அது நீடித்தது. அப்படிப்பட்ட நாட்டின் பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாட்டு வர்ணனை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால், அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்த நான்கு பிள்ளைகளும் பண்ணையில் சாப்பிட வருகிறார்களே தவிர, பண்ணைக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை. நிலம் அவர்களுக்கு மர்மம் ஒளிந்திருக்கும் இடம், அவ்வளவே. போர்டிங் பள்ளியிலிருந்து வந்து போகிறவர்களின் விடுமுறை அது. உள்ளூர்ப் பிள்ளையின் விடுமுறையை அது மறைத்துவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து உள்ளூர்ப் பிள்ளைகளே தங்கள் நினைவை ப்ளைட்டனின் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

ப்ளைட்டன் பல ஆண்டுகள் விடுமுறைக்குப் போன ஊர் டார்செட் மாவட்டத்தின் ஸ்வானேஜ். அவர் கதையில் வரும் இடிந்த கோட்டைக்கு முன்மாதிரி பக்கத்திலுள்ள கோர்ஃப் கோட்டை என்பார்கள். 1955 மே 13ஆம் தேதி, அந்த ஸ்வானேஜ் கடற்கரையில் பள்ளிச் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணிவெடி வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். ஜெர்மன் படையெடுப்பை எதிர்பார்த்து 1940இல் தங்கள் நாட்டவரே புதைத்து வைத்த வெடி அது. நடந்தது விடுமுறையில் அல்ல, பள்ளிக்கால நாளில். ஆனால் கடற்கரையில் கிடக்கும் இரும்புச் சாமானைக் கண்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்குக் காலண்டர் தேவையில்லை. யாரும் கண்காணிக்காத கடற்கரை என்பதன் இன்னொரு பக்கம் இது. 1947 கோடையில் வேறொரு பயம். அந்த ஆண்டு இளம்பிள்ளைவாதம் நாடெங்கும் பரவியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்டது. தடுப்பூசி வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. ஆகஸ்டு வெயிலில் ஓடையில் இறங்காதே என்று அம்மாக்கள் மிரட்டினார்கள். காலையில் போனால் இருட்டும் வரை என்று எழுதுகிற அதே ஆள், வகுப்பில் காலில் இரும்புப்பட்டை மாட்டி வந்த ஒருவனையும் அடுத்த பக்கத்தில் எழுதியிருப்பார்.

அந்தச் சுதந்திரம் எப்படிப் போனது என்று கேட்டால் உடனே வருகிற பதில் கார். தப்பில்லை. 1951இல் ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கார். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்துப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது: ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் தாமாகவே பள்ளிக்குப் போய்வந்தவர்கள் 1971இல் நூற்றுக்கு எண்பது, 1990இல் ஒன்பது. சாலையைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வயலைப் பற்றிச் சொல்லவில்லை. வயலுக்குள் கார் வரவில்லையே. அங்கே பிள்ளை ஏன் இல்லாமல் போனது? வேலை இல்லாமல் போனதால் என்பது என் எண்ணம். வேலை இருந்ததால்தான் வயலுக்குள் நுழைய அவனுக்கு உரிமை இருந்தது. காலையில் குதிரை பிடித்தவனைச் சாயங்காலம் ஓடைக்கரையில் பார்த்தால் பண்ணையார் ஏன் என்று கேட்கமாட்டார். யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். நாளைக்கும் அவன் வேண்டும்.

கம்பைன் வந்ததும் கட்டு நிறுத்தப் பிள்ளை வேண்டாம், குதிரை பிடிக்கப் பிள்ளை வேண்டாம். ஹாப்ஸ் பறிக்க மெஷின் வந்து 1960களில் லண்டன் ரயில்கள் காலியாயின. வேலிகளும் போயின. வேலி என்றால் அங்கே முட்கம்பி இல்லை, ரோஜாவும் கருமுள்ளும் பிளாக்பெர்ரியும் பின்னிக் கிடந்த உயிர்வேலி. போர்க்காலத்தில் ஆரஞ்சு கப்பல் வராததால், காட்டு ரோஜாவின் சிவப்புக் காயிலிருந்து வைட்டமின் சி பாகு காய்ச்சும் பழக்கம் வந்து, அது போருக்குப் பிறகும் நீடித்தது. பிள்ளைகள் அந்தக் காயைப் பறித்துப் பள்ளியில் கொடுத்தால் பவுண்டு எடைக்கு இரண்டு மூன்று பென்னி. காய்க்குள் இருக்கும் ரோமத்தை முன்னால் உட்கார்ந்திருப்பவனின் சட்டைக் காலருக்குள் போட்டு அரிக்க விடுவது இலவசம். அகல மெஷின் திரும்ப இடம் வேண்டுமென்று அந்த வேலிகளைப் பிடுங்கினார்கள். பிடுங்க அரசே மானியம் கொடுத்தது. ஒருபுறம் 1947 சட்டம் வயலை உற்பத்திக் கூடமாக்க, இன்னொருபுறம் 1949இன் தேசியப் பூங்காச் சட்டம் மீதி நிலத்தைப் பார்த்து ரசிக்கும் இடமாக ஆக்கியது. முதல் பூங்கா பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல். அதே ஆண்டு வெளிவந்த கிராமப்புற நடத்தை விதிகள் கதவைச் சாத்து, பாதையை விட்டு விலகாதே என்று வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லின. 1954இல் பறவைப் பாதுகாப்புச் சட்டம், முட்டையின் இரு முனையிலும் முள்ளால் துளையிட்டு ஊதிக் கருவை வெளியேற்றிப் பஞ்சில் அடுக்கி வைக்கும் பையன்களின் கலையைக் குற்றமாக்கியது. ஒவ்வொன்றும் நியாயம்தான். முட்டை திருடுவதற்காக நான் வாதாடப் போவதில்லை.

1958இல் ஒரு விதி வந்தது: பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் டிராக்டர் ஓட்டக் கூடாது, ஏறிக்கொண்டு போகவும் கூடாது. கவிழ்ந்த டிராக்டருக்கு அடியிலும் சுழலும் தண்டிலும் மாட்டிப் பிள்ளைகள் செத்ததால் வந்த விதி. அது காப்பாற்றிய உயிர்கள் உண்டு. பத்து வயதில் ஃபெர்கூசன் ஓட்டிய தலைமுறைக்கு மட்டும் அது இன்றுவரை உறுத்துகிறது. அவர்களில் சிலர் வளர்ந்து அதே பண்ணைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். 1960களில் மானியம் வாங்கி வேலியைப் பிடுங்கியவர்களும் அவர்களே. தங்கள் வயலுக்குள் பக்கத்து ஊர்ப் பிள்ளை நுழைந்தால் யாருடைய பையன் என்று தெரியாமல் விரட்டியவர்களும் அவர்களே. விரட்டியதில் தப்பும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையால் அங்கே ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.